மோகனூர்த் தோட்டத்தில் ஓர் இரவு

சேலம் - கரூர் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 2013-ல்தான். அதற்கு முன் சேலத்திலிருந்து மோகனூர் போக நாமக்கல்லில் இறங்கி, இன்னொரு பேருந்துக்குக் காத்திருந்து, பதினெட்டு கிலோமீட்டர் குலுங்க வேண்டும். இப்போது மல்லூர், ராசிபுரம், நாமக்கல் என்று சாவகாசமாக நின்று போகும் பயணிகள் ரயிலில் ஜன்னலோர இடம்கூடக் கிடைக்கிறது.

ராசிபுரத்தில் ஏறிய பெண் ஒரு வயர் கூடையையும் துணிப்பையையும் காலடியில் தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். உட்காரும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

“எங்கீங்க்கா, கரூருக்கா?”

மோகனூர் என்றேன்.

“நானும் அங்கதானுங்க. வேலைக்குப் போறேன். மாரியம்மன் நோம்பிக்கு நாலு நாள் லீவு கேட்டேன், ரெண்டு நாள்தான் குடுத்தாங்க.”

என்ன வேலை என்று கேட்டேன். ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொள்கிறாராம். பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தவர். எண்பது கிலோ. குளிப்பாட்டுவது, மலம் எடுப்பது, சோறு ஊட்டுவது, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வாசலுக்குத் தள்ளி வருவது எல்லாம் இவர் ஒருவர்தான். “தாத்தாவுக்கு வாரம் ரெண்டு தரம் பிசியோ வந்து கால் கையை நீட்டி மடக்கி உடறாங்க. எனக்கு இடுப்பு போச்சு. எனக்கு யாரு வருவா?” என்று சொல்லிச் சிரித்தார்.

முதலில் தறி ஓட்டியிருக்கிறார். பிறகு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கியிருக்கிறார். இந்த வேலைக்கு வந்தது மாமியாரால். மாமியார் ஒரு வருஷத்துக்கு மேல் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இவர்தான் பார்த்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்: “நீ நல்லாத்தான பாத்த, அதையே சம்பளத்துக்குப் பாரு.” இவர் பெற்ற பயிற்சி அவ்வளவுதான். இந்த மாவட்டத்தில் இந்த வேலை செய்யும் பெண்களிடம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், ஒரு மாமியாரோ மாமனாரோதான் பதிலாக வருகிறார்.

ஏஜென்சி மூலம் சேர்ந்திருக்கிறார். வீட்டுக்காரர்கள் இருபத்திரண்டாயிரம் கொடுக்கிறார்கள். இவர் கைக்குப் பதினாறு வருகிறது. சேர்வதற்கு முன் அந்த வீட்டில் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர்; இரண்டாவது, என்ன ஆளுங்க. சமையற்கட்டுக்குள் போகக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லப்பட்டுவிட்டது. தாத்தாவின் கஞ்சியை வாசற்படியில் வாங்கிக்கொண்டு வந்து இவர் ஊட்ட வேண்டும். மலத்தை எடுக்கும் கை வாய்க்கு ஊட்டலாம், அடுப்பைத் தொடக் கூடாது. இந்தக் கணக்கு எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு முன் ஈரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தாராம். மூன்றே மாதத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டார். “படுத்திருந்த பெரியவர் தங்கமானவருங்க. அவரு பையனாலதான்.” அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மோகனூர் ஸ்டேஷனில் இறங்கியதும் அவர் தண்டவாளத்தைத் தாண்டி வேகமாகப் போய்விட்டார். ரயில் காவிரிப் பாலத்தின் மேல் ஏறி வாங்கல் பக்கம் போனது.

மோகனூரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. காவிரியின் வடகரை. கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால், பாய் பின்னும் கோரை. ஜேடர்பாளையம் படுகையணையிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால்கள் இந்தக் கரையை நனைக்கின்றன. சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது இங்கேதான். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888-ல் பிறந்ததும் இங்கேதான். காந்தமலை முருகன் கோவிலில் ஒரு கதை சொல்வார்கள். மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனிக்குக் கிளம்பிய முருகனை, அம்மை “மகனே, நில்” என்று கூப்பிட, அவன் நின்ற இடமாம் இது. கோபித்துக்கொண்டு போன மகனையே நிறுத்திய ஊரால், சம்பளத்துக்குக் கிளம்பிய மகன்களை நிறுத்த முடியவில்லை.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்நாடு முழுக்க இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்து, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்த மாவட்டம் நாமக்கல். படித்தவர்கள் படித்ததற்கான இடத்துக்குப் போனார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2021-க்கான மதிப்பீடு 13.6. 2031-ல் 18 ஆகும் என்கிறது தேசியப் புள்ளியியல் அலுவலகம். கேரளத்துக்கு அடுத்து நாம்தான்.

நான் போனது தோழியின் அம்மாவைப் பார்க்க. பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஊரைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு போனால் அவர்களுடைய தோட்டம். பெரியம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்கவே இல்லை. ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. தோழி மெல்போர்னில், தம்பி டெக்சாஸில். பெரியம்மாவுடன் இருப்பது பரமத்தி பக்கத்துப் பெண் ஒருத்தி. கணவர் லாரி ஓட்டுநர், வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

பொழுது சாயும் வரை பெரியம்மா அமைதியாக இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் “சாப்பிட்டயா கண்ணு?” என்று கேட்டார். ஆறு மணி ஆனதும் ஆள் மாறிவிட்டது. கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். “ஊட்டுக்குப் போலாம், எழுப்பி உடு” என்றார். அறுபது வருஷமாக அவர் இருக்கும் வீடு அது. மறதி நோய் வந்தவர்களுக்குப் பொழுது இறங்கும் நேரத்தில் இப்படிப் பதற்றம் கூடுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

“எருமைக்குத் தண்ணி காட்டோணும். பொழுது போயிருச்சு.”

“காட்டியாச்சுங்க ஆயா. ரெண்டும் குடிச்சிருச்சு.”

“கன்னுக்குட்டி?”

“அதுவும் ஊட்டிருச்சுங்க. கட்டிப்போட்டுட்டேன்.”

பெரியம்மா கம்பியை விட்டார். அந்தத் தோட்டத்தில் எருமை இருந்து பதினைந்து வருஷம் ஆகிறது. நானாக இருந்தால், எருமை எல்லாம் எப்போதோ விற்றாகிவிட்டதே பெரியம்மா என்று விளக்கியிருப்பேன். அவர் அழுதிருப்பார். இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் மாதம் முழுக்கத் தானும் விளக்கிப் பார்த்ததாகவும், பிறகு எருமையைத் தினமும் தண்ணீருக்கு விட்டுவிடுவதே மேல் என்று முடிவு செய்ததாகவும் சொன்னாள்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். பெரியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்து அவள் படுத்துக்கொண்டாள். தலையணைக்கு அடியில் செல்போன். பத்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, இரண்டு மணிக்கு, நான்கு மணிக்கு அலாரம். படுத்தே கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் என எலும்பு தோலைத் தொடும் இடங்களில் முதலில் சிவக்கும், பிறகு குழியும். காற்று மெத்தை இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும்.

இரண்டு மணி அலாரத்துக்கு நானும் விழித்துக்கொண்டேன். அவள் பெரிய விளக்கைப் போடவில்லை. முதலில் பெரியம்மாவின் தோளைத் தொட்டு, “ஆயா, திருப்பிப் படுக்க வைக்கறேனுங்க” என்று சொன்னாள். தூங்கிக்கொண்டிருப்பவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்; சொல்லாமல் தொட்டால் அவர் திடுக்கிட்டு அலறுவாராம். பிறகு தூரத்துக் காலை முழங்காலில் மடக்கி, ஒரு கையை அந்தப் பக்கத் தோளிலும் மறு கையை இடுப்பிலும் வைத்து, தன் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, தன் பக்கமாக ஒருக்களித்தாள். இழுப்பதே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒன்று. கணுக்காலுக்கு அடியில் மடித்த துணி, குதிகால் மெத்தையில் படாமல் இருக்க. வால் எலும்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். சிவந்திருந்தால் தேய்க்கக் கூடாதாம். தேய்த்தால் உள்ளே இன்னும் கெட்டுப்போகும்.

டயப்பர் நனைந்திருந்தது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஒற்றி ஈரம் போக்கி, புதிதைக் கட்டினாள். அடியில் விரித்திருந்த பழைய நூல் சேலையும் ஈரமாகியிருந்தது. அதைப் பாதி வரை சுருட்டி உடம்போரம் தள்ளி, புதுச் சேலையையும் பாதி சுருட்டி அதை ஒட்டி வைத்து, பெரியம்மாவை மறுபக்கம் உருட்டி, பழையதை உருவி, புதியதை இழுத்து விரித்தாள். சுருக்கம் ஒன்றுகூட இல்லை. சுருக்கமும் புண் வைக்கும் என்றாள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. சுவரிலிருந்து.

“அக்கா, அம்மா தலைகாணி கொஞ்சம் நகந்திருக்குது பாருங்க.”

எனக்கு உயிரே போய்விட்டது. மேலே கேமரா. டெக்சாஸில் பிற்பகல் மூன்றரை. தம்பி அலுவலகத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். “சரிங்க தம்பி” என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் தலையணையை நகர்த்தினாள். தம்பி நல்லவன். அம்மா மேல் உயிர். ஆனால் அந்தக் கேமராவின் பார்வைக்குள்தான் அவள் படுக்கிறாள், தலைவாருகிறாள், கொட்டாவி விடுகிறாள். சேலை மாற்ற மட்டும் பக்கத்து அறைக்குப் போகலாம்.

அவளுக்குத் தூக்கம் உடனே வரவில்லை. மூன்று மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். நான்கு மணிக்கு மறுபடி அலாரம்.

திருப்பிப் போடும் முறையை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வரும் செவிலியராம். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருவதுதான் எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டிலேயே வந்து பார்க்கும் வலித்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் அதில் உண்டு. “அந்தம்மா அரை மணி நேரம்தான் இருந்தாங்க. அதுல சொல்லிக்குடுத்ததுதானுங்க இத்தனையும். அதுக்கு மின்னாடி ஆயாவைத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு புடிச்சுக்கும்.” ஓர் அரை மணி நேரப் பயிற்சி இரண்டு உடம்புகளைக் காப்பாற்றியிருக்கிறது. ரயிலில் பார்த்தவருக்கு அந்த அரை மணி கிடைக்கவில்லை.

இந்தியாவில் முதியோருக்கென்று மருத்துவத் துறை முதன்முதலில் தொடங்கியது சென்னையில்தான். 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் வ.செ. நடராசன் அதைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பெருமைப்படலாம். ஆனால் இடுப்பு உடைந்த பெரியம்மாவை மோகனூர்த் தோட்டத்திலிருந்து கிண்டிக்கு யார் தூக்கிப் போவது? அவருடைய மருத்துவமனை அந்தக் கட்டில்தான். அங்கே இரவுப் பணி, பகல் பணி இரண்டுமே இவளுடையது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு அரசு 2018-ல் வீட்டுவேலைக்கு மணிக்கு 37 ரூபாய் முதல் 39 ரூபாய் வரை குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. குறைந்ததையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்றால் 888 ரூபாய். முப்பது நாளைக்கு 26,640. இவளுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு வருகிறது. கேட்டால், ராத்திரி தூங்கத்தானே செய்கிறாள் என்பார்கள். நான்கு அலாரத்துக்கு நடுவில் எவ்வளவு தூங்க முடியும் என்பதை ஓர் இரவு பாயில் படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நம்ம வீட்டுப் பெண் மாதிரி வைத்திருக்கிறோம் என்று இன்னொரு பதில் வரும். நம் வீட்டுப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. ஒறம்பரை வந்தால் உள்ளே போய்ப் படுக்க ஓர் அறை உண்டு.

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகள் மீது கோட்டாட்சியரிடம் போக 2007-ன் சட்டம் வழி செய்கிறது. மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை வாங்கித்தரலாம். அந்தப் பெற்றோரைத் தாங்குகிற பெண்ணுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதே 2007-ல் அமைந்த வீட்டுப் பணியாளர் நலவாரியம் இருக்கிறது. இவள் அதைக் கேள்விப்பட்டதில்லை. வீட்டுவேலையைத் தொழிலாக மதிக்கச் சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 2011-ல் வந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று சட்டம் வேண்டுமா என்று ஆராயும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசைக் கேட்டது. இங்கிருந்து ஒரு பெண் சிங்கப்பூருக்கு வீட்டுவேலைக்குப் போனால் வார விடுமுறை அவளுடைய உரிமை. அதைக் காசாக மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், மாதத்தில் ஒரு நாளாவது விடுமுறையாகவே தந்தாக வேண்டும் என்று 2023-லிருந்து அங்கே விதி. அதே பெண் ராசிபுரத்திலிருந்து மோகனூருக்கு வந்தால், நோம்பிக்கு நாலு நாள் கேட்டு இரண்டு நாள் வாங்க வேண்டும்.

கொங்குப் பகுதியில் இந்த வேலைக்கு இப்போது இன்னொரு சுமையும் சேர்ந்திருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொலை. 2025-ல் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த முதிய தம்பதி கொலை. அதிலிருந்து தோட்டத்துச் சாளைகளில் எல்லாம் நாய், கேமரா, இரும்புக் கதவு. கூடவே வேலைக்கு வரும் பெண்களின் மேல் சந்தேகம். ஆதார் நகல், போட்டோ, கணவன் நம்பர். கேட்பதில் தப்பில்லை. அவள் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை: “எங்களைத்தானுங்க சந்தேகப்படறாங்க. நாங்களும் அதே தோட்டத்துல தனியாத்தானே இருக்கறோம்?”

காலையில் அவள் காப்பி கொண்டுவந்தாள். இந்த வீட்டில் அவளுக்கு அடுப்பு உண்டு. அதைப் பெரியம்மாவின் மகள் பிடிவாதமாக நின்று செய்தாள். பிறகு காவிரிக்கரைக்குப் போனேன். ஆடி, தை அமாவாசைகளில் இந்தக் கரையில் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் நெரியும். அன்று கூட்டமில்லை. எதிர்க்கரையில் வாங்கல் தென்னைகள் மங்கலாகத் தெரிந்தன. வெளியூர்க் காரில் வந்த ஒரு குடும்பம் மட்டும் பிண்டம் கரைத்துவிட்டுப் படியேறியது.

கரையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன், கசப்பாக இருந்தாலும். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் அப்போது சேலத்தோடு இருந்தது, 1997-ல்தான் பிரிந்தது. பெண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே கெஞ்ச வேண்டியிருந்த சீமை இது. பெண் செலவு என்று கணக்குப் பார்த்த அதே தலைமுறைக்குத்தான் இப்போது எண்பது வயதாகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து திருப்பிப் படுக்கவைக்க ஒரு பெண் வேண்டியிருக்கிறது. கிடைக்கிறாள், வேறு யாரோ பெற்று வளர்த்தவள். அவளுடைய கூலியிலாவது கணக்கு நேராக இருக்க வேண்டாமா?

ஜப்பானில் 2000-லிருந்து நாற்பது வயது நிரம்பியவர்கள் எல்லோரும் பராமரிப்புக் காப்பீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். முதுமையில் வீட்டுக்கு வரும் ஆளின் கூலியில் பெரும்பகுதி அதிலிருந்து போகிறது. நமக்கு அது வர எத்தனை தேர்தல் ஆகுமோ. இங்கே முதியோர் உதவித்தொகையே 2023-ல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது. ஒரு மாத டயப்பருக்கே அது போதாது.

அரசு செய்யும்போது செய்யட்டும். இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ, உறவிலோ இப்படி ஒரு பெண் வேலைக்கு இருக்கக்கூடும். அவருக்குத் தரையில் பாய் வேண்டாம், கட்டில் வாங்கிக் கொடுங்கள். கேமராவின் முகத்தை நோயாளியின் கட்டிலோடு நிறுத்துங்கள். சம்பளம், விடுப்பு, வேலை இன்னதென்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி அந்த அரை மணி நேரப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் முழுசாக அவரை ஊருக்கு அனுப்புங்கள். அன்றைக்கு மாற்று ஆள் கிடைக்காவிட்டால், அலாரம் வைத்துக்கொண்டு நீங்களே போய்ப் படுங்கள்.